குள்ள வீரனுக்கு எத்தனை முக்கோணம்? லோ பாலி கேள்வி பதில்

போன வாரம் நான் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் செய்த குள்ள வீரனைக் காட்டியிருந்தேன். கையில் கோடாலி, வயிறு வரை தாடி, தலையில் இரும்புத் தொப்பி. லோ பாலி, அதாவது குறைந்த முக்கோணங்களால் கட்டிய 3டி உருவம். அவனைப் பற்றி வந்த கேள்விகளில் சில.

கே: லோ பாலி என்றால் எத்தனை முக்கோணம் வரை? ஒருவர் 500 என்கிறார், இன்னொருவர் 5,000 என்கிறார்.

இருவர் சொல்வதும் சரிதான். 1996இல் குவேக் கேம் வந்தபோது ஒரு வீரனுக்குச் சில நூறு முக்கோணம்தான் கொடுக்க முடிந்தது. அதற்கு மேல் அன்றைய கம்ப்யூட்டர் இழுக்காது. இன்று அந்தக் கட்டாயம் இல்லை, அந்தத் தோற்றம் பிடித்துப்போய்ச் செய்கிறோம். என் குள்ளன் சுமார் 1,400. பிளெண்டரின் ஓவர்லே மெனுவில் ஸ்டாட்டிஸ்டிக்ஸை டிக் செய்து, ட்ரையாங்கிள்ஸ் எண்ணைப் பாருங்கள். ஃபேசஸ் (முகங்கள்) எண் ஏமாற்றும். ஒரு நாற்கோணம் கேமுக்குள் போனதும் இரண்டு முக்கோணம் ஆகிவிடும்.

கே: அண்ணா, முழங்கையை மடக்கினால் தோட்டத்து ஹோஸ் குழாய் மடிந்த மாதிரி நசுங்குகிறது. லூப் (கையைச் சுற்றி ஓடும் கோடு) கூட்டிப் பார்த்தேன், இன்னும் மோசம்.

கூட்டினால் சரியாகாது தம்பி, இடம் மாற்ற வேண்டும். உங்கள் கையையே மடக்கிப் பாருங்கள். முட்டி தெரிகிற வெளிப்பக்கம் தோல் இழுபடுகிறது, உட்பக்கம் ஒரே மடிப்பு. மெஷ்ஷிலும் (உருவத்தின் முக்கோண வலை) அப்படியே செய்யுங்கள். வெளிப்பக்கம் மூன்று கோடு விடுங்கள்: மூட்டில் ஒன்று, அதற்கு மேலும் கீழும் ஒவ்வொன்று. உட்பக்கம் வரும்போது மூன்றையும் மெர்ஜ் செய்து ஒரே இடத்தில் முடியுங்கள். பக்கவாட்டில் முக்கோணங்கள் வரும், வரட்டும்.

அப்புறம் வெயிட். உருவத்துக்குள் வைத்த எலும்பு அசையும்போது ஒரு புள்ளி எவ்வளவு கூடப் போக வேண்டும் என்ற எண் அது, 0 முதல் 1 வரை. மேல்கோடு முழுக்க மேல்கை எலும்புக்கு, கீழ்க்கோடு முழுக்க முன்கை எலும்புக்கு. நடுக்கோட்டுக்கும் உள்மடிப்புக்கும் பாதிப் பாதி. ஆட்டோமேட்டிக் வெயிட்ஸ் தொடக்கத்துக்கு நல்லது, ஆனால் இவ்வளவு குறைந்த புள்ளிகளில் கையால் எண் போடுவதே வேகம். முழங்காலுக்கும் இதே கணக்கு, மடிப்பு மட்டும் பின்பக்கம்.

கே: தலையைத் திருப்பினால் பாதித் தாடி மார்போடு ஒட்டிக்கொள்கிறது.

தாடி முழுவதும் தலை எலும்புக்கு 1.0. தொப்பிக்கும் அதே.

கே: எனக்கு வரைய வராது. டெக்ஸ்சர் (உருவத்தின் மேல் போர்த்தும் படம்) இல்லாமல் முடியாதா?

வரையவே வேண்டாம். 64க்கு 64 பிக்சலில் ஒரு படம், அதில் கட்டம் கட்டமாக நிறங்கள், அவ்வளவுதான். தாடியின் ஃபேஸ்களைத் தேர்ந்தெடுத்து, யூவி எடிட்டரில் (எந்த ஃபேஸுக்குப் படத்தின் எந்த இடம் என்று சொல்லும் ஜன்னல்) எஸ், பூஜ்யம் தட்டி ஒரு புள்ளியாகச் சுருக்கி, செம்பட்டை நிறக் கட்டத்தின் நடுவில் கொண்டுபோய் வையுங்கள். கட்டத்தின் ஓரத்தில் வைத்தால் பக்கத்து நிறம் கசியும். முழு உருவத்துக்கும் ஒரே மெட்டீரியல் போதும், போனுக்கும் பாரம் குறைவு.

கே: பிளெண்டரில் நன்றாக இருந்த மேலங்கி, யூனிட்டி கேம் எஞ்சினில் பின்னாலிருந்து பார்த்தால் தெரிகிறது, முன்னாலிருந்து பார்த்தால் காணோம்!

காணாமல் போகவில்லை. ஒற்றைத் தாள் மாதிரி செய்திருப்பீர்கள். பிளெண்டர் இரண்டு பக்கமும் காட்டும், கேம் எஞ்சின் பொதுவாக முன்முகத்தை மட்டும் வரையும். சாலிடிஃபை மாடிஃபையர் போட்டுக் கொஞ்சம் தடிமன் கொடுங்கள். அனுப்பும் முன் ஃபேஸ் ஓரியன்டேஷனைப் போட்டுப் பாருங்கள். சிவப்பாகத் தெரிவது உள்முகம். வெளியே சிவப்பு தெரிந்தால் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து Shift+N தட்டுங்கள், முகங்கள் வெளியே திரும்பும். ஒருமுறை நான் இதைப் பார்க்காமல் அனுப்பி, ஒரு பூட்ஸ் மட்டும் உள்ளே வெளியே திரும்பிய குள்ளன் இரண்டு நாள் கேமுக்குள் நடந்தான்.

கே: எல்லாம் சரியாகச் செய்தும் என் மந்திரவாதி பொம்மை மாதிரி இருக்கிறார். உங்களுடையது உயிரோடு இருக்கிறது.

வெளிவடிவம் மட்டும் தெரிய உங்கள் படத்தைக் கறுப்பாக நிரப்பிப் பார்த்தேன். கை உடம்போடு ஒட்டி, தடி அங்கிக்குள் மறைந்து, மொத்தமும் ஒரு தூண் மாதிரி தெரிகிறது. அங்கியின் பொத்தான்களுக்கு மட்டும் 200 முக்கோணத்துக்கு மேல் செலவு செய்திருக்கிறீர்கள், திரையில் அவை எள் அளவுகூட இல்லை. அதைப் பிடுங்கித் தொப்பியின் நுனியை வளைக்கவும், சட்டைக்கையை அகலப்படுத்தவும் கொடுங்கள். உள்ளங்கையைப் பெரிதாக்குங்கள், தலையையும். என் குள்ளன் மூன்று தலை உயரம்தான்.

கே: கண் எப்படிச் செய்தீர்கள்?

செய்யவில்லை. தடித்த புருவம், அதன் அடியில் கறுப்பு நிறம் கொடுத்த இரண்டு நாற்கோணம்.