லெவாடா எண்ணைக் கட்டுரையில் போடலாமா?

ரஷ்யக் கருத்துக்கணிப்பு நிறுவனமான லெவாடா மையம் காட்டும், அதிபர் புதினுக்கான 80 சதவீத ஆதரவைக் கட்டுரையில் போட்டதற்கு, "ரஷ்யாவில் யார் உண்மை சொல்வார்கள்" என்று பேராசிரியர் அதை அடித்து நீக்கிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். தாராளமாகப் போடுங்கள், ஆனால் கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். 2019 மே மாதம் நடந்ததைப் பாருங்கள்: அரசுக் கருத்துக்கணிப்பு நிறுவனமான வ்சியோம், பெயர் எதுவும் சொல்லாமல் எந்த அரசியல்வாதிகளை நம்புகிறீர்கள் என்று கேட்டபோது புதினைச் சொன்னவர்கள் 31.7 சதவீதம்தான், கிரெம்ளின், அதாவது அதிபர் மாளிகை, விளக்கம் கேட்டதும், புதினை நம்புகிறீர்களா இல்லையா என்று நேரடியாகக் கேட்டார்கள், 72.3 வந்துவிட்டது. இரண்டும் வேறு வேறு கேள்விகள், அவ்வளவுதான்.

லெவாடா அரசைச் சாராதது, 2016-இல் வெளிநாட்டு முகவர் என்று முத்திரை குத்தப்பட்ட பிறகும் வீடு வீடாகப் போய் ஏறத்தாழ 1,600 பேரிடம் நேரில் கேட்கிறது. அப்புறம் பயம். ராணுவத்தை இழிவுபடுத்தினால் தண்டனை என்று 2022 மார்ச்சில் சட்டம் வந்துவிட்டது, வாசலில் நிற்கும் முன்பின் தெரியாத ஆளிடம் உக்ரைன் போரைப் பற்றி மனம் திறக்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? இந்த இடத்தில் பேராசிரியரின் சந்தேகம் நியாயம்தான். அதனால் ஒற்றை எண்ணை விட்டுவிட்டு, ஒரே கேள்விக்கு மாதாமாதம் வந்த ஏற்ற இறக்கத்தை எடுங்கள். லெவாடா கணிப்பில் புதினுக்கான ஆதரவு 2022 பிப்ரவரியில் 71 சதவீதம், மார்ச்சில் 83. அந்தத் தாவலைக் கட்டுரையின் நடுவில் வையுங்கள்.