ஜூனியர் கோல்ஃப் போட்டிகளோடு ஊர் ஊராகப் போகும் இன்டர்ன் வேலை: மட்டையே பிடிக்காதவர் சமாளிக்க முடியுமா?

கேள்வி இதுதான்: கோவையில் பி.பி.ஏ. படிக்கிறீர்கள், கோல்ஃப் ஆடியதில்லை. செட்டிபாளையம், வெலிங்டன், ஊட்டி என்று சிறுவர் போட்டிகளோடு சில வாரம் சுற்றும் இன்டர்ன்ஷிப் ஒன்று வருகிறது. என்ன வேலை, எங்கே சொதப்பும்?

ஆடத் தெரியாதது ஒரு குறையே இல்லை. வெள்ளென எழ முடியாதவருக்கும் எழுதியதை இரண்டாம் தடவை பார்க்கப் பொறுமை இல்லாதவருக்கும்தான் இது ஒத்துவராது. 'ட்ராவலிங் இன்டர்ன்' என்ற பேச்சை அதிகம் கேட்பது அமெரிக்காவில், 1978இல் தொடங்கிய ஏஜேஜிஏ என்கிற ஜூனியர் கோல்ஃப் அமைப்பை ஒட்டி. அங்கே 12 முதல் 19 வயது வரையிலான பிள்ளைகளுக்கான போட்டிகளை ஒட்டி கோடை முழுக்கக் குழுவாகச் சுற்றுவார்கள். கோல்ஃப் விதிகள் உலகம் முழுக்க ஒன்றே என்பதால் மைதானத்து வேலையும் பெரும்பாலும் அதேதான்.

முதலில் டீ ஷீட்டை, அதாவது எந்தக் குழு எந்த டீயில் எத்தனை மணிக்குத் தொடங்கும் என்ற பட்டியலை, படிக்கப் பழகுங்கள். டீ என்பது முதல் அடி அடிக்கும் இடம். அங்கிருந்து பந்து விழ வேண்டிய ஓட்டை வரையுள்ள பகுதியையும் 'குழி' என்பார்கள், ஒரு சுற்றுக்குப் பதினெட்டு. 78 பேர் என்றால் மூவர் மூவராக 26 குழு. 1ஆம் டீயிலும் 10ஆம் டீயிலும் ஒரே சமயத்தில் தொடங்கினால் பக்கத்துக்கு 13. பத்து நிமிட இடைவெளியில் முதல் குழு 6:45க்குப் போனால் கடைசிக் குழு 8:45க்குப் போகும். ஒன்பது குழிக்கு 2 மணி 15 நிமிடம் என்று வைத்தால் முதல் குழு 9:00 மணிக்கு மறுபக்க டீக்கு வந்து நிற்கும். கையில் இருப்பது வெறும் 15 நிமிடம். "இன்னும் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கலாமே" என்று யாராவது சொன்னால் கடைசிக் குழு 9:05 ஆகிவிடும், வந்த பிள்ளைகள் காத்து நிற்பார்கள், அந்தத் தாமதம் அன்று பூராவும் தீராது. தை மாதத்தில் கோவையில் சூரியன் வரவே 6:40 தாண்டும் என்பதால் இந்தக் கணக்கு மொத்தமும் பின்னால் தள்ளும். சித்திரை வைகாசியில் ஆறு மணிக்கே வெளிச்சம் இருக்கும்.

டீ நேரத்துக்கு ஐந்து நிமிடத்துக்குள் தாமதமாக வந்தால் முதல் குழியில் 2 அடி தண்டனை (பந்தை அடித்த எண்ணிக்கையில் இரண்டு கூடும்), அதையும் தாண்டினால் தகுதி நீக்கம். ஆகவே குழுக்களை நேரத்துக்கு அனுப்பும் ஸ்டார்டரின் மேசையில் ஒரே ஒரு கடிகாரம்தான் இருக்க வேண்டும். எல்லா வாக்கிடாக்கிக்காரர்களும் காலையிலேயே அதைப் பார்த்துத் தங்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளட்டும். டீயில் மட்டைகளை எண்ணச் சொல்லுங்கள், 14க்கு மேல் கூடாது. பழைய பையோடு தம்பியின் மட்டை ஒன்றும் ஒட்டுக்கா வந்திருக்கும். மீறிய ஒவ்வொரு குழிக்கும் 2 அடி, ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 4.

முதல் குழு போகும் முன்பே மைதான வேலை முடிந்துவிட வேண்டும். கிரீனில், அதாவது ஓட்டையைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரையில், குழி வெட்டுவது கிளப் ஊழியர்கள். அன்றைய குழி எங்கே என்று குறித்த தாளான 'பின் ஷீட்'டில் இருக்கும் இடத்தில்தான் வெட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பது நீங்கள். '18, இடது 5' என்று போட்டிருந்தால் கிரீனின் முன்விளிம்பிலிருந்து 18 எட்டு, இடது விளிம்பிலிருந்து 5 எட்டு. ஓர் எட்டு, அதாவது நடக்கும்போது வைக்கும் ஒரு காலடி, ஒரு கஜம். வீட்டிலேயே டேப்பை 30 அடிக்கு விரித்து, பத்து எட்டில் அதைக் கடக்கும்வரை நடந்து பழகுங்கள். குள்ளமானவர்கள் நாலாவது கிரீனுக்குள் எட்டைச் சுருக்கிவிடுவார்கள்.

குழியின் குறுக்களவு 4.25 அங்குலம், ஆழம் குறைந்தது 4 அங்குலம். உள்ளே வைக்கும் கப் மேல்மட்டத்துக்கு ஒரு அங்குலமாவது கீழே இருக்க வேண்டும், மேலே நின்றால் பந்து அதன் விளிம்பில் பட்டு வெளியே துள்ளும். பழைய குழியில் திணித்த மண்கட்டியையும் மறக்காதீர்கள். உயர்ந்து நின்றால் புல்வெட்டி அதன் தலையைச் சீவிவிடும், தாழ்ந்தால் பட்டிங்கில் பந்து திசை மாறும். உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும், கண்ணை நம்ப வேண்டாம்.

டீயின் முன்விளிம்பைக் காட்ட வைக்கும் இரண்டு டீ மார்க்கர்களுக்குப் பின்னால் இரண்டு மட்டை நீளத்துக்காவது புல் இருக்க வேண்டும், இடைவெளி ஐந்தாறு கஜம் போதும். வயதுப் பிரிவுக்கு ஒரு டீ என்பதால் நிறத்தை மாற்றி வைத்துவிட்டால் அன்றைய காலை பாழ். தவறான டீயிலிருந்து அடித்த பிள்ளைக்கு 2 அடி. அடுத்த குழியைத் தொடங்கும் முன் திருத்தாவிட்டால் வெளியேற்றம். தப்பு உங்களுடையது என்றால் ரெஃப்ரி அன்று முழுக்க அதை அவிழ்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எல்லைக் கோடு அடிப்பதை முதல் நாள் மதியமே முடியுங்கள். பனி ஈரத்தில் பெயிண்ட் நிற்காது. வெள்ளை எல்லைக்கு, சிவப்பும் மஞ்சளும் பெனால்டி ஏரியாவுக்கு (குளம், ஓடை போன்ற இடங்கள்). குச்சியும் கோடும் இரண்டும் இருந்தால் குச்சி வெறும் அடையாளம், கோடுதான் கணக்கு. எல்லைக் கோட்டின் மேலே கிடக்கும் பந்தின் எந்தப் பகுதியும் மைதானப் பக்கம் வரவில்லை என்றால் அது வெளியே. பெனால்டி ஏரியா கோட்டைத் தொட்டாலே உள்ளே. இதை மட்டும் தலைகீழாகச் சொல்லிவிடாதீர்கள். தெரியாத எதற்கும் "ரெஃப்ரியைக் கூப்பிடுகிறேன்" என்பதுதான் இன்டர்னின் பதில்.

ஆனி ஆடியில் செட்டிபாளையத்தில் போட்டி என்றால் காற்று தனி வேலை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேக்கால இருந்து அடிக்கும் காற்றில் பேனர் துணி பாய்மரம் மாதிரி இழுக்கும். ஆங்காங்கே அரைவட்ட ஓட்டை வெட்டி விடுங்கள். பெயிண்ட் ஸ்ப்ரேயைச் சுற்றி அட்டைப்பெட்டி மறைப்பு பிடிக்காவிட்டால் கோடு பட்டையாகிவிடும். கிரீனில் பந்து தானாக நகர்ந்தால் என்ன என்று குறைந்தது பத்து பேர் கேட்பார்கள். காற்று நகர்த்தினால் தண்டனை இல்லை, புது இடத்திலிருந்தே ஆட வேண்டும். ஆனால் கிரீனில் ஒருதரம் குறியிட்டு எடுத்துத் திரும்ப வைத்த பந்து நகர்ந்தால் பழைய இடத்திலேயே வைக்க வேண்டும். மயில் கொத்திப் போனாலும் பழைய இடம்தான், தண்டனை இல்லை. பாம்பு கிடந்தால் அடி எண்ணிக்கை கூடாமல் தள்ளி வைத்து ஆட விதியில் இடம் இருக்கிறது, பிள்ளைகளைத் தைரியம் காட்டவிட வேண்டாம்.

வேலையின் பாரம் முழுக்க ஸ்கோரிங் மேசையில்தான். விதி கடுமையானது: ஒரு குழியில் 5 எடுத்த பிள்ளை 4 என்று எழுதிய ஸ்கோர் கார்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் தகுதி நீக்கம். 6 என்று கூட்டி எழுதியிருந்தால் அந்த 6 அப்படியே நிற்கும். மொத்தக் கூட்டல் மட்டும் போட்டியை நடத்தும் கமிட்டியின் பொறுப்பு, அதில் பிசகு இருந்தால் நீங்கள் திருத்தலாம், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது.

அதனால் கார்டை வாங்கிப் போடுவதில் அவசரம் கூடாது. மூவரையும் ஒட்டுக்கா உட்கார வையுங்கள். மார்க்கர், அதாவது அந்தக் கார்டை எழுதிய சக ஆட்டக்காரர், ஒன்று முதல் பதினெட்டு வரை வாய்விட்டுப் படிக்கட்டும், ஆடியவர் தன் கணக்கோடு ஒப்பிடட்டும். "ரெஃப்ரியிடம் கேட்க வேண்டியது ஏதாவது இருக்கா?" என்பதைக் கையெழுத்துக்கு முன்னால் கேட்க வேண்டும், பின்னால் அல்ல. பிறகு இரண்டு கையெழுத்து, அதன் பிறகுதான் நீங்கள் கூட்டுவது. பிள்ளை மேசைப் பகுதியை விட்டுப் போய்விட்டால் கார்டு கொடுத்தது கொடுத்ததுதான், ஆகவே நாற்காலியை விட்டு எழும் முன் ஒருமுறை நிறுத்துங்கள். எண்ணை நீங்கள் எழுதவே கூடாது. மங்கலாக இருந்தால் அவர்களே அடித்து எழுதட்டும்.

அதிகம் நடக்கிற பிழை, கார்டு மாறாமலே ஆடுவது. டீயில் ஒருவர் கார்டை இன்னொருவர் வைத்துக்கொள்ள வேண்டும். பதினோரு வயதுப் பிள்ளை தன் கார்டைத் தானே வைத்துக்கொண்டு முதல் மூன்று குழியைத் தன் வரிசையில் எழுதியிருக்கும். அடுத்தது, சின்னக் கையெழுத்தில் 3ம் 5ம், 1ம் 7ம் ஒன்றுபோல் தெரிவது. மேசைக்கு நாலு பேனா, கார்டு பறக்காமல் நாலு கல், அப்பா அம்மா எட்டிப் பார்க்க முடியாதபடி ஒரு கயிறு. இந்தக் கயிறுதான் முக்கியம்.

பெற்றோரைப் பற்றி இவ்வளவு போதும்: தண்ணீர் தரலாம், குடை தரலாம், ஆட்டத்தைப் பற்றிப் பேசக்கூடாது. "கண்ணு, காத்து எதுக்க அடிக்குது, ஒரு மட்டை சேத்தி எடு" என்பது விதிப்படி அறிவுரை. பிள்ளை தடுக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தால் தண்டனை பிள்ளைக்குத்தான். அதைச் சொல்லியே அவர்களை நிறுத்துங்கள்: "ஏனுங்கண்ணா, நீங்க பேசினா அடி தம்பிக்குத்தானுங்க கூடும்." கோபித்துக்கொள்ள முடியாத வாக்கியம் அது.

கோடையில் தண்ணீர் கணக்கு: மூன்று குழிக்கு அரை லிட்டர் என்றால் ஒரு பிள்ளைக்கு 3 லிட்டர். 78 பேருக்கு 234, அதாவது 20 லிட்டர் கேன் பன்னிரண்டு. பை தூக்கும் கேடிகளையும் ஆட்டத்தைக் கண்காணிக்கும் மார்ஷல்களையும் சேர்த்தால் இரண்டு மடங்கு. கேன் நிழலில் இல்லாவிட்டால் பத்து மணிக்கு மேல் யாரும் குடிக்க மாட்டார்கள். நீர்மோர் வைத்தால் நல்லது, உப்புப் போட்டு.

கோடை மழையும் ஐப்பசி மழையும் இடியோடு வரும். நீண்ட ஒரே ஹார்ன் என்றால் அந்த நிமிடமே நிறுத்தம், அடுத்த அடி கூடாது. மூன்று தொடர் ஹார்ன் என்றால் ஆடிக்கொண்டிருக்கும் குழியை முடிக்கலாம். இரண்டு குறு ஹார்ன் என்றால் மறுதொடக்கம். எந்தக் குழிக்கு எந்த வண்டி என்று முதல் நாளே எழுதி ஓட்டுநரிடம் கொடுங்கள். இடி கேட்ட பிறகு தாளைத் தேடக் கூடாது. கடைசி இடிச் சத்தத்திலிருந்து 30 நிமிடம் காத்திருப்பதுதான் பாதுகாப்பு, மழை விட்டதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

மலைக்குப் போகும் வாரம் வேறு மாதிரி. நீலகிரிக்குள் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும், சாமான் வண்டிக்கும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். பிளாஸ்டிக் தடையால் தண்ணீர் பாட்டில் பெட்டிகளைக் கீழிருந்து ஏற்றிப் போனால் சோதனைச் சாவடியிலேயே நிற்கும். பிள்ளைகளிடம் சொந்த பாட்டில் கொண்டுவரச் சொல்லி முன்கூட்டியே தகவல் அனுப்புங்கள். ஊட்டி மைதானத்தில் முள்புதர் அதிகம். தொலைந்த பந்தைத் தேட 3 நிமிடம்தான், ஆகவே புதர்ப்பக்கம் போனால் இரண்டாவது பந்தை 'ப்ரொவிஷனல்' (தற்காலிகப் பந்து) என்று வாயால் சொல்லி அடிக்க வேண்டும் என்பதை ஸ்டார்டர் ஒவ்வொரு குழுவுக்கும் நினைவூட்டட்டும். சொல்லாமல் அடித்தால் முதல் பந்து கிடைத்தாலும் பயனில்லை. வெலிங்டன் ராணுவப் பகுதி, அடையாள அட்டை எப்போதும் சட்டைப்பையில்.

போவதற்கு முன் கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்டு ஏ அமைப்பின் இணையவழி விதிப் பாடத்தில் முதல் நிலையை முடித்துவிடுங்கள், இலவசம். ஒப்புக்கொள்ளும் முன் எழுத்தில் கேட்க வேண்டியவை: பயணச் செலவு யாருடையது, அறையில் எத்தனை பேர், சாப்பாடு போட்டி நாளில் மட்டுமா, மழையால் ஒரு நாள் நீண்டால் என்ன கணக்கு. பெண்கள் என்றால், காலை நாலு மணிக்கு அறையிலிருந்து மைதானத்துக்கு வண்டி யார் அனுப்புவார்கள் என்பதும்.

ஷூ இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். பனியில் நனைந்தது மறுநாள் காலைக்குள் காயாது.