முகாமில் இரவுப் பணி – கடிதம்

அன்புள்ள ஐயா,

பள்ளிப் பிள்ளைகளுக்கான கூடார முகாம் ஒன்றில் முதன்முறையாக இரவுப் பணிக்குப் போகிறேன். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை. "எல்லாரும் தூங்கிடுவாங்க, சும்மா உட்கார்ந்திருந்தா போதும்" என்கிறார்கள். இந்த வேலையைச் சில வருடம் பார்த்தவர் நீங்கள். நிஜமாகவே அவ்வளவுதானா? நானே தூங்கிவிடுவேனோ என்ற பயமும் இருக்கிறது.

கா.

அன்புள்ள கா.,

அவ்வளவுதான் என்று சொன்னவர்கள் இரவில் விழித்திருந்து பார்த்திருக்க மாட்டார்கள். வெளியாள், விலங்கு, மழை என்று காவலை நினைத்துக்கொண்டுதான் நாம் போவோம். ஆனால் பெரும்பாலான இரவுகளில் வேலை வெளியிலிருந்து வராது, கூடாரத்துக்குள்ளிருந்து வரும். ஒரு பிள்ளை கூச்சமில்லாமல் தேடி வரக்கூடிய பெரியவராக இருப்பதுதான் உங்கள் வேலை என்று நான் நினைக்கிறேன்.

தூக்கத்தில் சிறுநீர் போய்ப் படுக்கை நனைவதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு வயதில் நூற்றுக்கு 5 முதல் 10 பிள்ளைகளுக்கு இது இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வயதிலும் சிலருக்குத் தொடரும். சொல்ல வெட்கப்பட்டு ஈரத்திலேயே விடியும்வரை படுத்திருக்கும் பிள்ளைகள் உண்டு. அதனால் முதல் நாள் மாலையே எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள்: "ராத்திரி எதுக்கு வேணும்னாலும் என்னை எழுப்பலாம், நான் முழிச்சுதான் இருப்பேன்." மாற்று விரிப்பும் உடையும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். முடிந்தால் அதே நிறத்தில். காலையில் பக்கத்துப் படுக்கைக்காரனுக்கு வித்தியாசம் தெரியக் கூடாது. ஏன், எப்படி என்று கேட்கவே வேண்டாம்.

வீட்டு ஏக்கமும் இரவில்தான் தலைதூக்கும். பகலில் விளையாட்டு இருக்கிறது, படுத்த பிறகு மனத்துக்கு வேறு வேலை இல்லை. அழும் பிள்ளையிடம் "நாளைக்கு அம்மா வந்து கூட்டிட்டுப் போவாங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இது பற்றி உளவியலாளர் கிறிஸ்டோபர் தர்பர், குழந்தை மருத்துவர் எட்வர்ட் வால்டன் இருவரும் 2007-இல் 'பீடியாட்ரிக்ஸ்' என்ற குழந்தை மருத்துவ இதழில் எழுதினார்கள். பிடிக்காவிட்டால் வந்து அழைத்துப்போகிறோம் என்று பெற்றோரே வாக்குக் கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் சொன்னவற்றில் ஒன்று. அந்த வாக்கு கிடைத்தால் பிள்ளை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். வீட்டைப் பற்றிப் பேசவிடுங்கள், தண்ணீர் கொடுங்கள், மறுநாள் காலை முதலில் என்ன நடக்கும் என்று சொல்லுங்கள். ஆனால் கூடாரத்துக்குள் தனியாகப் போய் உட்காராதீர்கள். வாசலில், இன்னொரு பெரியவரின் பார்வையில் பேசுங்கள். இந்த விதி பிள்ளைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

தூக்கத்தில் நடக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் இரவின் முதல் பகுதியில்தான் எழுந்து வருவார்கள். உலுக்கி எழுப்பாமல் தோளைத் தொட்டுப் படுக்கைக்குத் திருப்பினால் போதும். விடியலை ஒட்டி இருமலுக்குக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள், ஆஸ்துமா அப்போதுதான் அதிகம் தொல்லை தரும். யாருடைய இன்ஹேலர் எங்கே என்று பணி தொடங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். பூட்டிய அறையில் இருந்தால் சண்டை போட்டாவது வெளியே எடுத்து வையுங்கள்.

சரி, உங்கள் தூக்கம். மாலையில் ஒன்றரை மணி நேரம் படுத்து எழுந்து வாருங்கள். விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கு உடல் வெப்பம் மிகவும் இறங்கும், கண்ணும் அப்போதுதான் சொக்கும். அந்த நேரத்தில் உட்காராமல் ஒரு சுற்று நடங்கள். காபியில் தூக்கத்தை விரட்டும் காஃபீனில் பாதி ஐந்து மணி நேரத்துக்குப் பிறகும் உடம்பில் இருக்கும். இரண்டு மணிக்குமேல் குடித்தால் பகல் தூக்கம் போய்விடும். டார்ச்சைத் தரையை நோக்கியே பிடியுங்கள். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும், ஒரு வெளிச்சத்தில் அது கலைந்துவிடும்.

அப்புறம், பகல் ஆட்களிடம் ஒப்படைக்கும்போது ஈரப் படுக்கை விஷயத்தைத் தனியாகச் சொல்லுங்கள், சாப்பாட்டு வரிசையில் நின்று சொல்லாதீர்கள். முடித்ததும் வண்டியை எடுக்காதீர்கள். முகாமிலேயே படுக்க ஓர் இடம் வேண்டும் என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

அன்புடன்.