நீங்கள் ஏலத்தில் கேட்க நினைக்கும் 1942 ஹாலிவுட் பட போஸ்டருக்கு ‘ஒரிஜினல், ஆர்-52, லினன் பேக்டு, ஃபைன்’ என்று போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் அது முதல் வெளியீடா?

இல்லை, முதல் வெளியீடு இல்லை. ஏலப் பட்டியலில் ஆண்டுக்கு முன்னால் ‘ஆர்’ இருந்தால் மறுவெளியீடு. 1942இல் வந்த அந்த ஹாலிவுட் படத்தை 1952இல் மறுபடி ஓட்டியபோது அச்சடித்த போஸ்டர். ‘ஒரிஜினல்’ என்று போட்டிருப்பதும் பொய்யில்லை. தியேட்டருக்காக அச்சடித்தது, பிற்கால நகல் அல்ல என்பதே அதன் பொருள். பெரும்பாலும் இந்தச் சொல்தான் ஆளைக் கவிழ்க்கிறது.

கீழ் விளிம்பைக் கிட்டத்தில் எடுத்த படம் கேளுங்கள். அந்தக் கால அமெரிக்க போஸ்டர்களில் ஏராளமானவற்றை விநியோகித்தது நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ். அவர்கள் போஸ்டரின் கீழே வலது மூலையில் ஆண்டும் சாய்கோடும் எண்ணும் இருக்கும். ‘42/’ என்று தொடங்கினால் முதல் வெளியீடு, ‘ஆர்52/’ என்றால் மறுவெளியீடு, சந்தேகமே வேண்டாம்.

அப்புறம் அந்த ‘லினன் பேக்டு’, அதாவது போஸ்டரின் பின்னால் துணி ஒட்டியது. துணியில் ஒட்டும்போது மடிப்புக் கோட்டை நிரப்பி, கிழிசலில் வண்ணம் தொட்டு வைப்பது சகஜம். ‘ஃபைன்’ என்ற தரம் அதற்குப் பிறகு போட்டதாக இருக்கலாம். ஒட்டுவதற்கு முன் எடுத்த படம் இருக்கிறதா என்று கேளுங்கள். மழுப்பினால் நான் கையைத் தூக்க மாட்டேன்.

இன்னும் ஒன்று: சுத்தியல் விலை, அதாவது ஏலம் முடியும் விலை, நீங்கள் கட்டும் கடைசி விலை அல்ல. வாங்குபவர் கமிஷன், கப்பல் கூலி, சிங்கப்பூரில் 9% ஜிஎஸ்டி எல்லாம் மேலே ஏறும். நம்மூர் ஈரப்பதத்தில், துணி ஒட்டப் பயன்படுத்தும் கோதுமைப் பசையில் பூஞ்சை பிடிக்கும், அதையும் யோசியுங்கள்.