புத்தகம் வெர்செல்லியில், நீங்கள் பலெர்மோவில்

கேள்வி: பலெர்மோ பல்கலைக்கழகத்தில் வரலாறு முதுகலை படிக்கிறேன். வட இத்தாலியின் நெல்வயல்களில் களையெடுத்த மொந்தினே பெண்களைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். 1970-களில் வந்த ஒரு புத்தகம் பலெர்மோவில் எங்கும் இல்லை. வடக்கே வெர்செல்லியிலும் தூரினிலும் இருப்பதாக இணையப் பட்டியல் காட்டுகிறது. 1980-களின் ஆய்விதழ்க் கட்டுரை ஒன்றும் தேவை. ரயில் ஏறித்தான் போக வேண்டுமா?

பதில்: ரயில் டிக்கெட் இப்போதைக்கு வேண்டாம். இரண்டையும் பலெர்மோவுக்கே வரவழைக்க வழி இருக்கிறது. ஆனால் ஒரே விண்ணப்பத்தில் இரண்டையும் கேட்காதீர்கள். புத்தகம் இரவலாக வந்து திரும்பிப் போகும் பொருள். கட்டுரைக்கு இதழை யாரும் அனுப்ப மாட்டார்கள், நகல்தான் வரும். இத்தாலிய நூலகங்களில் முதலாவதற்குப் பெயர் பிரெஸ்தித்தோ இன்டர்பிப்லியோதெகாரியோ, அதாவது நூலகங்களுக்கு இடையிலான இரவல். இரண்டாவதை ஆங்கிலப் பெயரிலேயே டாக்குமென்ட் டெலிவரி என்கிறார்கள். இரண்டுக்கும் வழி வேறு.

நீங்கள் வெர்செல்லி நூலகத்துக்கு நேரடியாக எழுத வேண்டியதில்லை. இந்த ஏற்பாடு நூலகத்துக்கும் நூலகத்துக்கும் இடையில் நடப்பது. உங்கள் துறை நூலகம் உங்களுக்குப் பொறுப்பேற்றுக் கேட்கும்; புத்தகம் தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியதும் அதுதான். பல்கலைக்கழகத்தில் இல்லாதவர்கள் ஊர் நகராட்சி நூலகத்தில் உறுப்பினராகி அங்கே கேட்கலாம்.

நீங்கள் பார்த்த பட்டியல் அநேகமாக எஸ்பிஎன் என்ற, இத்தாலிய நூலகங்களின் கூட்டுப் பட்டியலாக இருக்கும். ரோமில் உள்ள ஐசிசியு என்ற அரசு நிறுவனம் அதை நடத்துகிறது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள் அதில் இருக்கின்றன. புத்தகத்தின் பதிவைத் திறந்தால் ஐடி, ஐசிசியு என்று தொடங்கும் ஓர் அடையாள எண் இருக்கும். ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, பதிப்பகத்தோடு அந்த எண்ணையும் எழுதிக் கொடுங்கள். 1970-களின் நூல்கள் பலவற்றில் ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண் கிடையாது. அதனால் பட்டியலின் எண் இருந்தால் நூலகர் பதிப்பைக் குழப்பிக்கொள்ளாமல் இருப்பார்.

எந்த நூலகத்திடம் கேட்பது என்பதிலும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். புளோரன்ஸ், ரோம் தேசிய மத்திய நூலகங்களிலும் அந்தப் புத்தகம் இருக்கலாம். பெரிய நூலகம் என்பதால் பலரும் அங்கேயே முதலில் கேட்கச் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நாட்டில் அச்சாவதைச் சேர்த்துப் பாதுகாப்பது அவற்றின் முதல் கடமை. பிரதியை வெளியே அனுப்பத் தயங்குவது இயல்பு. வடக்கே ஒரு நகராட்சி நூலகத்திலோ பல்கலைக்கழகத் துறை நூலகத்திலோ சாதாரணப் பிரதி இருந்தால் அதையே முதலில் கேட்கச் சொல்லுங்கள்.

கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். சில நூலகங்கள் எதுவும் வாங்குவதில்லை, சில தபால் செலவைக் கேட்கும்; விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இரவல் காலம் பெரும்பாலும் ஒரு மாதம். நீட்டிக்க அனுப்பிய நூலகம் சம்மதிக்க வேண்டும். சில சமயம் ‘நூலகத்துக்குள் மட்டும் படிக்கலாம்’ என்ற நிபந்தனையோடும் புத்தகம் வரும். அப்படி வந்தால் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, நேரம் ஒதுக்கி அங்கேயே உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும்.

சரி, கட்டுரைக்கு வருவோம். இதழ்களுக்குத் தனியாக ஏசிஎன்பி என்ற பட்டியல் இருக்கிறது. எந்த நூலகத்தில் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை இதழ்கள் இருக்கின்றன, நடுவில் எவை விடுபட்டிருக்கின்றன என்பதை அது சொல்லும். 1980-களின் இதழுக்கு இந்த விவரம் முக்கியம். இதழின் பெயர் பட்டியலில் இருப்பதாலேயே உங்களுக்கு வேண்டிய ஆண்டின் இதழும் அங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. விண்ணப்பம் நில்தே என்ற அமைப்பின் வழியே போகும். இத்தாலிய தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் போலோஞா நூலகம் உருவாக்கி, 2001 முதல் நடந்துவருவது. நூலகங்கள் ஒன்றுக்கொன்று கட்டணமில்லாமல் நகல் அனுப்பிக்கொள்கின்றன. இன்று கேட்கும் நூலகம் நாளை கொடுக்க வேண்டும். உங்கள் நூலகம் அதில் இருந்தால் நீங்களும் பயனராகப் பதிந்து விண்ணப்பத்தைப் பின்தொடரலாம். தொகுதி, இதழ் எண், பக்கங்கள், ஐஎஸ்எஸ்என் என்ற இதழ் அடையாள எண் எல்லாம் சரியாக இருந்தால் பெரும்பாலும் சில வேலை நாட்களில் வந்துவிடும்.

கோப்பாக மின்னஞ்சலில் வரும் என்று மட்டும் எதிர்பார்த்திருக்காதீர்கள். பதிப்புரிமை, உரிம நிபந்தனைகள் காரணமாக, நூலகம் அச்செடுத்துத் தாளாகவே கொடுப்பதும் உண்டு. நூலகர் பிடிவாதம் பிடிப்பதாக நினைக்க வேண்டாம்.

அதே பதிப்புரிமைச் சட்டத்தில் உங்களுக்கு உதவக்கூடிய ஒரு பிரிவு இருக்கிறது. 1941-இன் 633-ஆம் எண் சட்டம், 68-ஆம் பிரிவு. சொந்தப் பயனுக்கு ஒரு நூலில், அல்லது ஓர் இதழில், விளம்பரப் பக்கங்கள் நீங்கலாக 15 சதவீதம் வரை நகலெடுக்கலாம் என்கிறது. ஆனால் பதிப்பகங்களின் பட்டியலிலிருந்து நீங்கிய, சந்தையில் கிடைப்பது அரிதான நூல்களுக்கு அந்த வரம்பு பொருந்தாது. உங்கள் 1970-களின் புத்தகம் அப்படிப்பட்டதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இரவல் மறுக்கப்பட்டால் அதோடு விட்டுவிடாமல், இந்தப் பிரிவைச் சொல்லி, முழு நகல் கிடைக்குமா என்று உங்கள் நூலகரை விட்டுக் கேளுங்கள். முடிவு பிரதியை வைத்திருக்கும் நூலகத்துடையது. அப்போதும் ‘இல்லை’ என்றால், உள்ளடக்கப் பக்கத்தை மட்டும் முதலில் வரவழையுங்கள். உங்களுக்கு உண்மையில் ஓர் அத்தியாயம் போதும் என்று தெரியவந்தால், அது 15 சதவீதத்துக்குள்ளேயே அடங்கிவிடலாம்.

அப்புறம், ஆகஸ்டில் பல நூலகங்கள் மூடியிருக்கும், அல்லது பாதி நேரம்தான் திறந்திருக்கும். இலையுதிர் காலத்தில் ஆய்வேட்டை ஒப்படைப்பதாக இருந்தால் ஜூன் மாதமே விண்ணப்பித்துவிடுங்கள்.