நேட்டாலுக்குப் போன கொள்ளுத்தாத்தா: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் பாட்டனாரின் சித்தப்பாவைத் தேடி டர்பன் வரை போய்வந்ததாக ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த தைரியத்தில் எழுதுகிறேன்.

என் அப்பாவின் தாத்தா வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலுக்குக் கூலி வேலைக்குப் போனவர். அப்போது என் தாத்தா கைக்குழந்தையாம். போனவர் திரும்பவே இல்லை. ஒரே ஒரு கடுதாசி வந்தது என்பார்கள், அதுவும் இப்போது இல்லை. கொள்ளுப்பாட்டி கடைசிவரை பூவும் பொட்டுமாகவே இருந்திருக்கிறார். "செத்தார்னு சேதி வரலியே, நான் எதுக்குத் தாலியக் கழட்டணும்" என்பாராம். தாத்தா 1978-இல் எண்பது வயது வாக்கில் காலமானார். கடைசி நாட்களில் "எங்கப்பா என்னதான் ஆனாரு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

மகன் லண்டனில் வேலை பார்க்கிறான். வெள்ளைக்காரன் எல்லாவற்றையும் எழுதிவைத்திருப்பானே என்று அவனை பிரிட்டிஷ் நூலகத்துக்கு அனுப்பினேன். கொள்ளுத்தாத்தாவின் பெயரைச் சொல்லித் தேடியதில் ஒன்றும் கிடைக்கவில்லை. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இனிமேல் கிடைக்குமா? எங்கே, எப்படித் தேடுவது? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் கையிலேயே வைத்திருந்தேன். தாலியைப் பற்றிய அந்த வரியைப் படித்த பிறகு உடனே பதில் எழுத வரவில்லை.

கிடைக்க வாய்ப்பு உண்டு. நேட்டால் என்பதால் நிறையவே உண்டு. மகன் தேடிய இடம்தான் மாறிப்போயிற்று.

பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ், அதாவது லண்டனில் இருந்து இந்தியாவைக் கவனித்த அரசு அலுவலகத்தின் ஆவணங்கள் மலைபோல இருக்கின்றன. ஆனால் அங்கே இருப்பதெல்லாம் பெரும்பாலும் அரசாங்கம் அரசாங்கத்துக்கு எழுதியது. இந்த வருஷம் சென்னையிலிருந்து எத்தனை பேர் போனார்கள், கப்பலில் எத்தனை பேர் செத்தார்கள், சட்டத்தை எப்படித் திருத்துவது, இப்படி. ஆளை அனுப்பிய அரசாங்கத்துக்கு எண்ணிக்கை போதும். ஆளை வாங்கிய அரசாங்கத்துக்குத்தான் யார் யார் என்று தெரிந்தாக வேண்டும். கரும்புத் தோட்ட முதலாளிகளிடம் பிரித்துக் கொடுக்க வேண்டும், ஐந்து வருஷ ஒப்பந்தம் முடியும்வரை ஓடிப்போகாமல் பிடித்துவைக்க வேண்டும், ஓடினால் அடையாளம் சொல்ல வேண்டும். அதனால் ஒரு கூலியின் பெயர் அவர் இறங்கிய துறைமுகத்தில்தான் இருக்கும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும் இதே கதைதான். இதைப் புரிந்துகொள்ளாமல் நான் இரண்டு வருஷம் வீணடித்தேன், நீங்கள் வீணடிக்க வேண்டாம்.

1860 நவம்பர் 16-ஆம் தேதி ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலில் இறங்கிய ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். கலோனியல் நம்பர் என்பார்கள். அந்த எண்தான் கடைசிவரை ஆளைத் தொடர்ந்து வரும். ஒப்பந்தம் முடிந்த சான்று, கல்யாணப் பதிவு, அங்கே பிறந்த பிள்ளைகளின் பதிவு என எங்கே பார்த்தாலும் பெயருக்குப் பக்கத்தில் அது இருக்கும். ஆகவே முதல் வேலை, உங்கள் கொள்ளுத்தாத்தாவின் எண்ணைக் கண்டுபிடிப்பது. எண் கிடைத்தால் மற்ற கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும்.

எண் இருக்கும் இடம் கப்பல் பட்டியல். மூலப் பேரேடுகள் டர்பனில் அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. குவாசுலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி லுத்துலி ஆவண மையம் அந்தப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைத்தது. ஆக, முதல் கட்டத்துக்கு யாரும் விமானம் ஏற வேண்டாம், மகன் லண்டனில் உட்கார்ந்தே பார்க்கலாம்.

ஆனால் பெயரை மட்டும் வைத்துத் தேடச் சொல்லாதீர்கள். பெயர் நம் வாயிலிருந்து வந்தது, எழுதியது வேறொருவர் காது. அங்கே முதலி மூட்லி ஆனார், முனுசாமி மூன்சாமி ஆனார். இன்றைக்கும் டர்பனில் அவை குடும்பப் பெயர்களாகவே இருக்கின்றன. பெயரின் முதல் எழுத்தே மாறியிருக்கக்கூடும். எனவே பெயர், அப்பா பெயர், ஊர், தாலுகா, வயது என்று ஐந்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். இரண்டு பொருந்தினால் நிறுத்திப் படியுங்கள், மூன்று பொருந்தினால் குறித்துக்கொள்ளுங்கள். ஊரும் இன்றைய எழுத்தில் இருக்காது. வந்தவாசி வாண்டிவாஷ் என்று இருக்கும். ஜில்லா வட ஆற்காடு. திருவண்ணாமலை மாவட்டம் பிரிந்ததே 1989-இல்தான், அந்தப் பெயரில் தேடினால் வெறும் பக்கம்தான் வரும்.

எந்த வருஷத்தில் தேடுவது என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. தாத்தா 1978-இல் எண்பது வயதில் போனார் என்றால் பிறந்தது 1898 வாக்கில். கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா கப்பல் ஏறினார். கிராமத்து வயதுக் கணக்கு ஐந்து வருஷம் முன்னே பின்னே இருக்கும். ஆகவே 1894 முதல் 1904 வரை சென்னையிலிருந்து வந்த கப்பல்கள், அதில் இருபதிலிருந்து முப்பத்தைந்து வயது ஆண்கள், வட ஆற்காடு ஜில்லா. ஒன்றரை லட்சம் பேர் இப்படித்தான் ஒரு சிறு பகுதியாகச் சுருங்குவார்கள்.

நான் தேடியவரின் வரியைப் பற்றிச் சொல்கிறேன். நீளமான பேரேடு, பழுப்பேறிய மை, குறுக்கே ஓடும் ஒரே வரி. பெயர் பாதிதான் பொருந்தியது. ஊரின் பெயரை என்னால் வாசிக்கவே முடியவில்லை. அப்பா பெயர் மட்டும் சரியாக இருந்தது. உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். அதற்கு அடுத்து அங்க அடையாளம் என்று ஒரு கட்டம். அதில் 'இடது கணுக்காலுக்கு மேல் தழும்பு' என்று எழுதியிருந்தது. எங்கள் அத்தை நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போது ஒரு கதை சொல்வார். அக்கரைக்குப் போன சின்னத்தாத்தாவுக்குப் பத்து வயதில் ஏர்க்கொழு காலைக் கிழித்துவிட்டதாம், வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கட்டி மூன்று மாதம் திண்ணையிலேயே படுத்திருந்தாராம். அதை நான் ஒரு தகவலாக நினைத்ததே இல்லை. அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைக்கக் கூடாது என்பதால் கையைச் சற்று மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதிய குறிப்பு அது. அதுதான் அவரை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தது.

இதைச் சொல்வது ஒரு காரணத்துக்காக. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் "அவர் பேரென்ன, எப்ப போனார்" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். உயரமா, குட்டையா, அம்மைத் தழும்பு உண்டா, பச்சை குத்தியிருந்தாரா, கூட யார் போனது, இதையெல்லாம் கேளுங்கள். கூடப் போனவர் முக்கியம். ஒரே ஊர்க்காரர்கள் பட்டியலில் அடுத்தடுத்த வரியில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சாதிக்கும் ஒரு கட்டம் உண்டு. அதில் நீங்கள் எதிர்பார்க்காதது எழுதியிருந்தால் அதை வைத்து ஆளை ஒதுக்கிவிடாதீர்கள். பலர் வேண்டுமென்றே மாற்றிச் சொன்னார்கள், சில இடங்களில் எழுதியவர் தனக்குத் தோன்றியதை எழுதினார். பெயரையே மாற்றிக்கொண்டு கப்பல் ஏறியவர்களும் உண்டு. கடனுக்கோ வீட்டுச் சண்டைக்கோ பயந்து போனவர்கள் வேறென்ன செய்வார்கள்?

அப்புறம் உங்கள் தாத்தாவின் கேள்வி. அவர் என்ன ஆனார்? கப்பல் பட்டியலிலேயே பல வரிகளின் கடைசியில் ஒரு குறிப்பு இருக்கும். இந்தியா திரும்பினார், இன்ன தேதியில் இறந்தார் என்று. அது இல்லையென்றால் எண்ணை எடுத்துக்கொண்டு, குடியேறிகளின் பாதுகாவலர், அதாவது கூலிகளின் விவகாரங்களைக் கவனிக்க அரசு வைத்த அதிகாரி, அவருடைய அலுவலகத்துக் கோப்புகளுக்குப் போக வேண்டும். அவை டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகங்களில் இருக்கின்றன. கூலிகள் கொடுத்த புகார்கள், அடி வாங்கியதற்கான வாக்குமூலங்கள், பேசியதை யாரோ மொழிபெயர்த்து எழுதியவை. தென்னாப்பிரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய அட்டவணையில் கோப்பின் தலைப்பு மட்டும் வரும். உள்ளே இருப்பதைப் படிக்க அங்கே போக வேண்டும், அல்லது நகல் கேட்டு எழுத வேண்டும்.

ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். அவர் போன காலத்தில் மாதச் சம்பளம் முதல் வருஷம் 10 ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். 1895-இல் நேட்டால் அரசு ஒரு சட்டம் போட்டது. அதற்குப் பிறகு வந்தவர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும், அல்லது மறுபடி ஒப்பந்தத்தில் சேர வேண்டும், இரண்டும் இல்லையென்றால் வருஷத்துக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டும். 3 பவுண்டு என்பது 60 ஷில்லிங், கிட்டத்தட்ட ஐந்து மாதக் கூலி. பிறகு பதினாறு வயது கடந்த மகனுக்கும் பதின்மூன்று கடந்த மகளுக்கும் தனித்தனியாகக் கேட்டார்கள். 1913-இல் இந்தியத் தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1914-இல்தான் அந்த வரி ஒழிந்தது. உங்கள் கொள்ளுத்தாத்தா கல்நெஞ்சக்காரர் என்று வீட்டில் யாராவது சொல்லியிருந்தால், இந்தக் கணக்கை அவர்களிடம் சொல்லுங்கள். ஒரு கடுதாசிக்கு மேல் வராததற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம்.

இன்னொன்றையும் மனசில் வைத்துக்கொண்டு தேடுங்கள். அங்கே அவருக்கு ஒரு குடும்பம் இருந்திருக்கலாம். கல்யாணப் பதிவில் இன்னொரு பெண்ணின் எண் இருக்கலாம். உங்கள் கொள்ளுப்பாட்டியை நினைத்தால் அது வலிக்கும். ஆனால் அந்தப் பெண்ணின் கொள்ளுப்பேத்தியும் தன் பூட்டன் எந்த ஊர்க்காரர் என்று தெரியாமல் இதே பட்டியலைப் புரட்டிக்கொண்டிருக்கலாம். டர்பனில் நான் வாசிப்பறையில் சந்தித்தவர்களில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான். ஒரு அம்மா ஊர்ப் பெயரைக் காட்டி இது எங்கே இருக்கிறது என்று கேட்டார். எங்கள் ஊரிலிருந்து இருபது கிலோமீட்டர்.

நேரில் போகிற நாள் வந்தால், ஒரு மாதம் முன்பே காப்பகத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். குடும்பக் கதை முழுவதையும் எழுத வேண்டாம். பெயரின் நான்கைந்து எழுத்து வடிவங்கள், அப்பா பெயர், ஊர், வருஷம், தேவைப்படும் ஒரே ஒரு ஆவணம். நான் முதன்முதலில் வேறொரு நாட்டில் ஒரு காப்பகத்துக்குச் சொல்லாமல் போய் நின்றேன். கேட்ட பேரேடு பழுதுபார்க்கப் போயிருந்தது. நான்கு நாள் வெறுமனே உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். பாஸ்போர்ட்டும் முகவரிச் சான்றும் வேண்டும். பெரும்பாலான இடங்களில் பேனா கூடாது, பென்சில்தான். படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். எடுக்கும்போது கோப்பு எண் உள்ள அட்டையை முதலில் எடுங்கள், இல்லையென்றால் வீட்டுக்கு வந்த பிறகு எந்தப் பக்கம் எதிலிருந்து வந்தது என்றே தெரியாது.

அருங்காட்சியகங்களையும் விடாதீர்கள். டர்பனில் 1860 பாரம்பரிய மையம் இருக்கிறது. இந்த மாதிரி இடங்களில் கண்ணாடிக்குள் இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். ஒரு பித்தளைச் செம்பை யாரோ கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள், அதைக் கொடுத்த குடும்பம் எது, எந்தத் தோட்டம், எந்தக் கப்பல் என்று சேர்க்கைப் பதிவேட்டில் குறித்திருக்கக்கூடும். அதைக் கேட்டுப் பாருங்கள்.

இதே கேள்வியைக் கேட்கும் மற்றவர்களுக்கும் இரண்டு வரி. மொரீஷியஸ் என்றால் மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம், அங்கே 1860-களிலிருந்து எடுத்த புகைப்படங்களே உண்டு. ரீயூனியன் தீவுக்குப் போனவர்கள், புதுச்சேரி, காரைக்காலைச் சேர்ந்தவர்கள் என்றால் பிரான்ஸில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸில் உள்ள கடல்கடந்த நிலங்களின் காப்பகம், அதன் பிறப்பு இறப்புப் பதிவுகளை இணையத்திலேயே பார்க்கலாம். மலேயாவும் இலங்கையும் கடினம். கங்காணி, அதாவது ஆள் சேர்க்கும் மேஸ்திரி, கூட்டிப்போனவர்களுக்கு இப்படிப்பட்ட பட்டியல் அநேகமாகக் கிடையாது. சிங்கப்பூர் தேசிய நூலகம் ஏற்றியிருக்கும் பழைய செய்தித்தாள்களில் தேடிப் பார்க்கலாம்.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன். வீட்டில் பழைய நிலப் பத்திரம் ஏதாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். 'இன்னார் குமாரர் இன்னார்' என்று எழுதியிருக்கும். கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயர் அதில் இருக்க வாய்ப்பு உண்டு. பத்திரம் இல்லையென்றால் பங்காளி வீட்டில் கேளுங்கள். அந்தப் பெயரும் ஊரின் பெயரும் கிடைத்தால் எனக்கு எழுதி அனுப்புங்கள். மகன் 1894-லிருந்து மேலே வரட்டும், நான் 1904-லிருந்து கீழே வருகிறேன்.

அன்புடன்