வேலையை விட்டுவிட்டுச் சிறுதொழில் தொடங்க எவ்வளவு பணம் கையில் இருக்க வேண்டும்?

ஒரு வருட வீட்டுச் செலவுக்குச் சேர்த்து வைத்திருக்கிறேன், ராஜினாமா செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டுக்கு அது போதும். தொழிலுக்கு எவ்வளவு என்பது தனிக் கணக்கு. போட்ட பணம் கைக்குத் திரும்ப எத்தனை நாள் ஆகும் என்பதை வைத்துத்தான் அதைப் போட முடியும்.

சரக்கு வாங்கி விற்கும் தொழில் என்று வைத்துக்கொள்கிறேன். சரக்கு சராசரியாக 45 நாள் உங்களிடம் கிடக்கும். விற்ற பிறகு பணம் வர 60 நாள். சப்ளையர் உங்களுக்குக் கொடுக்கும் கடன் 30 நாள். ஆக 45 + 60 − 30 = 75 நாள் உங்கள் பணம் வெளியே நிற்கிறது. மாதக் கொள்முதல் 4 லட்சம் என்றால் எப்போதும் 10 லட்சம் முடங்கியிருக்கும். லாப நஷ்டக் கணக்கில் இது தெரியவே தெரியாது. வியாபாரம் இரட்டிப்பானால் இன்னொரு 10 லட்சம் தேட வேண்டும். ஆர்டர் குவிகிற மாதத்திலேயே சம்பளம் போட வழியில்லாமல் நிற்பது இதனால்தான்.

"சர்வீஸ் தொழிலில் சரக்கே கிடையாதே" என்று சண்டைக்கு வர வேண்டாம். அங்கே ஆட்களின் சம்பளம்தான் சரக்கு. ஜனவரியில் செய்த வேலைக்கு பிப்ரவரி முதல் வாரம் பில் போட்டு, 60 நாள் தவணை என்றால், பணம் ஏப்ரலில் வரும். அதற்குள் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என மூன்று மாதச் சம்பளம் உங்கள் கையிலிருந்து போயிருக்கும்.

ஒரு தாளை எடுத்து அடுத்த 13 வாரங்களுக்குக் கட்டம் போடுங்கள். கைஇருப்பு, வரவு, செலவு, மிச்சம்: இந்த நாலு வரிசை போதும். பில் தேதியில் வரவை எழுதாதீர்கள். பணம் வரும் வாரத்தில் எழுதுங்கள். பிறகு எல்லா வரவையும் இரண்டு வாரம் தள்ளிப் போட்டுப் பாருங்கள். எங்காவது மிச்சம் மைனஸில் போகிறதா? அந்தப் பள்ளம்தான் நீங்கள் கூடுதலாக வைத்திருக்க வேண்டிய தொகை. வாடிக்கையாளரிடம் வசூலித்த விற்பனை வரியைக் கைஇருப்பில் சேர்க்கவே கூடாது. தனிக் கணக்கில் போட்டு மறந்துவிடுங்கள்.

விலை போடும்போது இன்னொரு சறுக்கல். 100க்கு வாங்கி 125க்கு விற்றால் 25% லாபம் என்பார்கள். விற்பனையில் அது 20%தான். அதில் "பழகினவர்" என்று 10% தள்ளுபடி கொடுத்தால் கையில் நிற்பது 25 அல்ல, 12.50. அதே லாபத்துக்கு இரண்டு மடங்கு விற்க வேண்டும். இதே வேலையைச் செய்ய வெளியாளை வைத்தால் என்ன சம்பளம் கொடுப்பீர்களோ, அதையும் செலவில் எழுதுங்கள். எழுதிய பிறகும் ஏதாவது மிஞ்சினால்தான் லாபம்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். பெரிய கம்பெனி வாடிக்கையாளராகக் கிடைத்தால் எல்லோரும் பூரித்துப் போகிறார்கள். அவர்கள் சொல்லும் 60 நாள் பல இடங்களில் சரக்கு இறங்கிய தேதியிலிருந்து ஓடாது. பில் அவர்கள் சிஸ்டத்தில் ஏறிய தேதியிலிருந்துதான் ஓடும். பர்ச்சேஸ் ஆர்டர் எண் விட்டுப்போனது, சரக்கு வந்ததை ஸ்டோரில் பதியவில்லை, மொத்தத்தில் சில்லறை இடிக்கிறது என்று பில் திரும்பி வரும். நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. நாலு பேரை வைத்துத் தொழில் நடத்துகிறவன் ஆயிரம் பேர் வேலை பார்க்கும் இடத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறான். கேட்டால் "அடுத்த பேமெண்ட் சைக்கிளில் பார்க்கலாம்". எல்லாக் கம்பெனியும் இப்படி என்று சொல்லவில்லை. ஆனால் ஒரே வாடிக்கையாளர் விற்பனையில் பாதியைத் தாண்டினால், அவருடைய பேமெண்ட் தேதிதான் உங்கள் சம்பளத் தேதி.

நீங்கள் இன்னும் உள்ளே இருப்பது நல்லதாகப் போயிற்று. உங்கள் கம்பெனியில் வெண்டர் பில் பாஸ் பண்ணுகிறவரிடம் ஒரு டீ நேரம் உட்கார்ந்து, பில் எந்தெந்த மேசையில் நிற்கிறது, எதற்காகத் திருப்புகிறார்கள் என்று கேளுங்கள். கம்பெனியின் விலைப்பட்டியலையோ வாடிக்கையாளர் பட்டியலையோ எடுத்து வரச் சொல்லவில்லை, அது வம்பு. உங்கள் வேலை ஒப்பந்தத்தில் போட்டித் தொழில் நடத்தக் கூடாது, பழைய வாடிக்கையாளரை அணுகக் கூடாது என்ற வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வீட்டுக்கடனோ கிரெடிட் கார்டோ வேண்டுமென்றால் ராஜினாமாவுக்கு முன்பே வாங்கிவிடுங்கள், தவணையை அந்த 13 வாரக் கணக்கில் சேர்த்து. சம்பளச் சீட்டு இல்லாதவரிடம் வங்கி பெரும்பாலும் சில வருடத் தொழில் கணக்கைக் கேட்கும். கம்பெனி எடுத்துக் கொடுத்த மருத்துவக் காப்பீடும் வேலையோடு போய்விடும். சொந்தப் பாலிசியில் சில நோய்களுக்கு உடனே பணம் தராத காத்திருப்புக் காலம் இருப்பதால் அதை இப்போதே எடுத்துவிடுங்கள்.